பிள்ளையின் ஸ்டேட் டெஸ்ட்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

டல்லாஸ்_வடக்கு:
பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு ரேட்டிங் 9 என்று பார்த்துத்தான் இந்த ஏரியாவில் வீடு வாங்கினோம், அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் உண்டு. பையன் மூன்றாம் வகுப்பு, முதல் ஸ்டார் தேர்வு (டெக்சஸ் மாநிலத் தேர்வு), ரீடிங்கில் 'அப்ரோச்சஸ்', அதாவது வகுப்பு நிலையை நெருங்குகிறான், அவ்வளவுதான். சாப்பிடும்போதுகூடப் புத்தகத்தைக் கீழே வைக்காதவன்! ரிசல்ட் பார்க்கும் போர்ட்டலில் அவன் எழுதியதைத் திறந்து பார்த்தேன். 2023-லிருந்து மூன்றாம் வகுப்புக்கே கட்டுரைக் கேள்வி வருகிறது இல்லையா, அதற்கு இவன் எழுதியது ஒரே வரி: "அவள் தைரியசாலி, கதையைப் படித்தால் தெரியும்." பூஜ்யம். ஏண்டா என்றால், "கதை அவங்ககிட்டயே இருக்கேம்மா, அதை நான் ஏன் திரும்ப எழுதணும்?" என்கிறான். என்ன பதில் சொல்வது?

பே_ஏரியா_அப்பா:
கலிஃபோர்னியாவில் வேறு கூத்து. விடையைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியைப் போடும், சரியாகச் செய்யச் செய்யக் கஷ்டமாகிக்கொண்டே போகும். இதை என் மகளுக்கு யாரும் சொல்லவில்லை. காரில் ஏறியவள் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் அழுகிறாள், "கடைசியில வந்தது எதுவுமே புரியலப்பா" என்று. கோடை விடுமுறையில் ரிசல்ட் வந்தால் கணக்கில் ஆக மேல் நிலை. அதற்குள் அவள் தனக்குக் கணக்கு வராது என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஜெர்சி_ராஜி:
டல்லாஸ், உங்கள் ஊரில் அப்ரோச்சஸ் என்றாலே பாஸ்தானே, இதற்குப் போய் ஏன் இவ்வளவு? என் கதை இதுதான்: சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினேன், இங்கேயே பிறந்த பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து ஆங்கிலம் தெரியுமா என்று சோதித்தார்கள்.

அப்புறம், ரேட்டிங்கை நம்பி வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 9, 10 எல்லாம் இருக்கட்டும், பள்ளியைப் பற்றி மாநிலம் வெளியிடும் ரிப்போர்ட் கார்டைத் திறந்து பிரிவுவாரியாகப் பாருங்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், சிறப்புக் கல்விப் பிள்ளைகள் என்று தனித்தனியாக வெளியிட வேண்டும் என்பது 2002-ல் கையெழுத்தான சட்டத்திலிருந்தே இருக்கிறது. சராசரி பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு பிரிவு அடியில் கிடக்கும். போன வருஷத்தைவிடப் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பாருங்கள், பள்ளி சொல்லிக்கொடுத்ததா டியூஷன் சென்டர் சொல்லிக்கொடுத்ததா என்று சராசரி சொல்லாது. பள்ளியிலேயே வைக்கும் மேப் டெஸ்டில் (மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடும் தேர்வு) பையன் 62 பர்சென்டைல் என்றால் 62 மார்க் இல்லை, அதே வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் ஏறக்குறைய 62 பேரைத் தாண்டியிருக்கிறான், அதற்கெல்லாம் திட்டாதீர்கள்.

டல்லாஸ்_வடக்கு:
ராஜி, பாஸ் என்று எனக்கும் தெரியும், நான் மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை. எட்டாம் வகுப்பு வரை வருஷா வருஷம் இது உண்டு, பெரும்பாலான கட்டுரைகளை இப்போது திருத்துவதும் கம்ப்யூட்டர்தான். கேட்டவருக்கே தெரிந்ததை அவருக்கே விளக்கி எழுது என்று ஒன்பது வயதுப் பையனுக்கு எப்படிப் புரியவைத்தீர்கள்? யாராவது செய்திருந்தால் அதைச் சொல்லுங்கள்.