ஃப்ளெக்ஸ்னெஸ்: இரவலா, சொந்தச் சரக்கா?

தெற்குவாசல்:
நார்வே நகைச்சுவை நடிகர் ரோல்வ் வெசன்லுண்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே அவருக்குப் பேர் வாங்கித் தந்தது 1972-இல் வந்த ஃப்ளெக்ஸ்னெஸ் தொலைக்காட்சித் தொடர். கதைகளோ பெரும்பாலும் பிரிட்டனில் கால்டனும் சிம்ப்சனும் நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக்குக்காக எழுதியவை. முதலில் எடுத்த ரத்ததானக் கதையை ஹான்காக் 1961-இலேயே பிபிசியில் நடித்துவிட்டார். இரவல் சட்டைக்கு இவ்வளவு மாலையா?

வடகரை:
கதை இரவல்தான் அண்ணா, மறுக்கவில்லை. நான் நோர்வே வந்த புதிதில் மொழி பிடிபடவில்லை. மேல்வீட்டு ஐயா மறுஒளிபரப்புப் பார்க்கக் கூப்பிடுவார். சோதனைக்கு எடுத்த ஒரு துளியோடு தானம் முடிந்தது என்று நினைத்திருக்கும் நாயகன் ஃப்ளெக்ஸ்னெசிடம், இனிமேல்தான் எடுக்கப் போகிறோம் என்று சொல்வார்கள். வெசன்லுண்ட் முகத்தில் பெருமை வடிந்து பயம் ஏறும். ஒரு சொல்லும் விளங்காமலே விழுந்து விழுந்து சிரித்தேன். இது எழுதிக் கொடுத்து வருவதா? அப்புறம், ஹான்காக் பிபிசியில் செய்த அந்தக் கடைசித் தொடரில் தனியாள். ஃப்ளெக்ஸ்னெசுக்கு ஓர் அம்மா உண்டு. ஔட் ஷோனமன் நடித்தார். பிறந்ததிலிருந்து அவனை அறிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது, அவன் அடிக்கிற பெருமை வேறு மாதிரி விழுகிறது.

தெற்குவாசல்:
சரி, அம்மாவைச் சேர்த்தது எழுத்து வேலைதானே? நடிகருக்கு அதில் என்ன பங்கு? 1967-இல் ஹரால்ட் ஹைடே-ஸ்டீனோடு சேர்ந்து, இருவர் பெயரையும் ஒட்டி, ‘வெசன்ஸ்டீன்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி செய்தாரே, அதைச் சொல்லுங்கள். கேட்கிறேன்.

தாளக்காரன்:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஹான்காக் கார் விபத்துக்குப் பிறகு வசனம் மனப்பாடம் ஆகாமல், எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் ரத்ததானத்தை நடித்தார். பிறகு எழுத்தாளர்களைப் பிரிந்தார், 1968-இல் இறந்தார். வெசன்லுண்ட் ஃப்ளெக்ஸ்னெஸ் என்ற அதே ஆளை 2002 வரை சுமந்தார். பிறந்தது 1936, கணக்குப் போடுங்கள். முப்பத்தாறு வயதுக்காரன் வீம்பும் அறுபத்தாறு வயதுக்காரன் வீம்பும் ஒன்றா? அவர் ஜாஸ் வாசித்தவரும்கூட. எங்கே நிறுத்த வேண்டும் என்பது காதில் இருந்தது.

தெற்குவாசல்:
அந்த முப்பது வருஷத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் பாதி மாலை கால்டன், சிம்ப்சனுக்குத்தான். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.