கோடை விடுமுறைக்குச் சிரிக்க வைக்கும் வரலாற்று நூல் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்பு முடித்த அக்கா மகள் மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில்தான். மதனின் ‘வந்தார்கள் வென்றார்கள்’ நூலைக் கொடுத்தேன், கீழே வைக்கவில்லை. முகமது பின் துக்ளக் வெள்ளிக்கு ஈடாகச் செப்பு நாணயம் வெளியிட, ஜனங்கள் வீட்டிலேயே கள்ள நாணயம் அடித்துத் தள்ளிய கூத்தைச் சாப்பாட்டு நேரத்தில் நடித்தே காட்டினாள். “அத்தனையையும் வாங்கிக்கொண்டு வெள்ளி கொடுத்தாராமே, மாமா!” என்று ஒரே சிரிப்பு.

அடுத்து என்ன கொடுப்பது? டெல்லியை விட்டுத் தெற்கே வரும் நூலாக இருந்தால் நல்லது. நம் பக்கம் சரக்குக்கா பஞ்சம்? 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், சொந்த வியாபாரத்தில் காசு பார்த்த புகாரில் பதவி இழந்தார். பின்னாளில் அவர் அனுப்பிய சரக்கை விற்று 562 பவுண்டு சேர்த்த அமெரிக்கக் கல்லூரி ஒன்று, 1718-இல் அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் மனைவியைப் பற்றி வரும் பொருமல்களுக்கே தனி நூல் போடலாம். ஆனால் மூலத்தின் நடை அவளுக்குக் கடினம்.

மன்னர் துதி வேண்டாம். நகைச்சுவைக்காக ஆண்டையும் ஆளையும் மாற்றி எழுதியதும் வேண்டாம். முந்நூறு பக்கத்துக்குள், தமிழிலேயே எழுதப்பட்டதோ சரளமான மொழிபெயர்ப்போ, இப்போது அச்சில் கிடைப்பதாகச் சொல்லுங்கள். நீங்களே படித்துச் சிரித்த நூல் என்றால் பதிப்பகத்தின் பெயரையும் குறிப்பிடுங்கள்.