பூம்ஸ்லாங் வளர்ப்பு: ஒரு திருத்தமும் ஒரு நல்ல செய்தியும்

போன மாதம் இந்த இழையில், பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க மரவாழ் விஷப்பாம்பின் நச்சுப்பல் வாயின் பின்பக்கம் இருப்பதால் மென்று கடித்தால்தான் விஷம் ஏறும் என்று எழுதியிருந்தேன். அது தப்பு. வாயை சுமார் 170 பாகை வரை பிளக்கும். ஒரு வெடுக் கடியே போதும். விஷம் ரத்தம் உறைவதைக் குலைப்பது மெதுவாகத்தான் தெரியவரும், அதுதான் வம்பே. 1957இல் பாம்பியலாளர் கார்ல் ஷ்மிட்டை ஒரு பூம்ஸ்லாங் குட்டி கடித்தது, மறுநாள் இறந்தார். தென்னாப்பிரிக்காவில் தயாராகும் பூம்ஸ்லாங் விஷமுறிவு மருந்து குச்சிப் பாம்பு (இதுவும் பின்பல் கொண்ட ஆப்பிரிக்க மரப்பாம்புதான்) கடிக்கு உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நான் வளர்க்கும் பூம்ஸ்லாங் இரை எடுக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். பல்லி வாடை தடவிய எலியை நேற்று விழுங்கிவிட்டது! இன்று தண்ணீர் தெளித்ததும் தொண்டையை ஊதிக்கொண்டு, செதிலிடுக்கில் தோல் தெரிய முறைத்தது. பாம்பைத் தூக்கும் கொக்கிக் கம்பியை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.