லாரி, குடோன், பார்சல் வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பாடத்திட்டம் எழுதுகிறேன், உதவுங்கள்

காரைக்குடி பயிற்றுநர்:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சரக்குப் போக்குவரத்து, குடோன், பார்சல் மூன்றுக்கும் சேர்த்து ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பு ஒன்று ஆரம்பிக்கலாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அதில் 'தேவையான திறன்கள்' என்ற பகுதியை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. நான் எழுதி வைத்திருந்தது இதுதான்: தகவல் தொடர்புத் திறன், குழுவாக இயங்குதல், நேர மேலாண்மை, கணினி அறிவு. தெரிந்த லாரி ஆபீஸ் முதலாளி ஒருவரிடம் காட்டினேன். "இது கல்யாண மண்டப மேனேஜருக்கும் பொருந்துமே தம்பி, நம்ம வேலை இதில் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் கவுன்சில் வேலைவாரியாகப் போட்டிருக்கும் தரநிலைகளையும் படித்தேன். ஸ்கேனர், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் இருக்கிற பெரிய குடோனுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. நம் ஊர்ச் சரக்கு வேறு மாதிரி. புதுவயல் அரிசி, ஆத்தங்குடித் தரைக்கல், பலகாரப் பார்சல், கண்டாங்கிச் சேலை, பழைய மரச்சாமான், இவைதான் இங்கிருந்து போகிறவை. இந்த வேலையிலேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்: புதிதாக ஒரு பையனோ பெண்ணோ வந்தால் முதல் வாரத்தில் எதைப் பார்த்து "இவர் தேறுவார்" என்று முடிவு செய்கிறீர்கள்?

செக்காலை பார்சல்:

சார், உங்கள் முதலாளி நண்பர் சொன்னது சரி. 'தகவல் தொடர்புத் திறன்' என்பதை வைத்துக்கொண்டு யாரையும் சோதிக்க முடியாது. நான் புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன், என் சோதனை ஒன்றே ஒன்றுதான். சரக்கு பில், எல்.ஆர். (லாரி ஆபீஸ் தருகிற சரக்கு ரசீது), இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டு) மூன்றையும் மேசையில் வைத்து, இதில் எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்பேன். பில்லில் 12 கட்டு, எல்.ஆரில் 11 கட்டு என்று இருக்கும். ஜிஎஸ்டி நம்பர் 33-ல் ஆரம்பித்தால் தமிழ்நாடு, 32 கேரளா, 29 கர்நாடகா. நம்பர் 32-ல் ஆரம்பிக்கும், ஊர் பெங்களூரு என்று இருக்கும். கண்ணில் பட்டவுடன் இதைப் பிடிக்கிறவன் தேறுவான், பட்டம் இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை.

இ-வே பில்லுக்குத் தனியாகவே ஒரு வாரம் ஒதுக்குங்கள். சரக்கின் மதிப்பு வெளிமாநிலம் என்றால் 50,000 ரூபாய், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம், அதைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல்தான் திணறுகிறார்கள். சாதாரணச் சரக்குக்கு இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும், மிச்சத் தூரம் கொஞ்சமாக இருந்தாலும் அதற்கும் ஒரு நாள். காரைக்குடியிலிருந்து சென்னை 400-க்கு மேல், ஆக மூன்று நாள் கிடைக்கும். வண்டி விராலிமலையில் நின்றுபோய் வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் இ-வே பில்லில் வண்டி விவரம் இருக்கிற பார்ட் பி-யில் புது வண்டி நம்பரைப் போட வேண்டும். கெடு முடிகிற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னாலிருந்து 8 மணி நேரம் பின்னால் வரைதான் நீட்டிக்க முடியும். கெடு ராத்திரி 12 மணிக்கு முடிகிறது, அதாவது சாயங்காலம் 4 மணிக்கு மேல் யாராவது அதைக் கவனித்துக்கொண்டு இருக்க வேண்டும். விட்டுவிட்டால் பிடிபடும்போது அபராதமே வரியைப் போல இரண்டு மடங்கு.

அப்புறம் போன். "வந்துக்கிட்டே இருக்கு சார்" என்று சொல்லாமல், வண்டி இப்போது எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு இறங்கும், தாமதம் என்றால் ஏன், இந்த மூன்றையும் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிற பையன் கிடைத்தால் அனுப்புங்கள், சம்பளம் கூடப் போட்டுத் தருகிறேன்.

புதுவயல் மேஸ்திரி:

நான் மில்லில் லோடு ஏற்றுகிற ஆட்களைக் கவனித்துக்கொள்கிறேன். ஐயா சொன்னதெல்லாம் மேசை வேலை. கீழே நடக்கிற வேலையைத் திறன் என்றே யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள், "உடல் வலிமை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வெறும் வலிமையை வைத்து அட்டி, அதாவது மூட்டை அடுக்கு, போட முடியாது. முதலில் தரையில் அடிக்கட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் கீழ் மூட்டை ஈரம் வாங்கும். சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது, ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விட வேண்டும். நெட்டுக்கு ஒரு வரிசை, அதன் மேல் குறுக்குக்கு ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி வைத்தால்தான் அட்டி ஒன்றையொன்று பிடித்து நிற்கும். ஒரே போக்கில் அடுக்கிய அட்டி நாலு நாளில் வயிறு தள்ளும், அதன் கீழே ஆள் நின்றால் உயிருக்கே ஆபத்து. தள்ளுகிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும்.

கணக்கும் வேண்டும். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரைக்கும் லேபிள் ஒட்டிக் கட்டின அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது, உடனே நிறைய இடத்தில் 26 கிலோ மூட்டை ஆக்கிவிட்டார்கள். 25 கிலோவில் 400 மூட்டை என்றால் 10 டன், வண்டிக்கு அனுமதி அவ்வளவுதான் என்று வையுங்கள். அதே பழக்கத்தில் 26 கிலோ மூட்டையை 400 ஏற்றினால் 10,400 கிலோ. எடை மேடையில் போய் நின்ற பிறகு 16 மூட்டையை இறக்கி, தார்பாயைத் திரும்பக் கட்டி, மதியச் சாப்பாடு போய், டிரைவரிடம் ஏச்சு வேறு. ஏற்றுவதற்கு முன்னாலேயே மனக்கணக்காகச் சொல்கிறவன்தான் மேஸ்திரி ஆக முடியும்.

தார்பாய் இரண்டு போடும்போது பின்பக்கத்துத் தார்பாயை முதலில் போட்டு, முன்பக்கத்தை அதன் மேல் ஏற்றிப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி ஓடுகிற காற்று அந்த மடிப்புக்குள்ளே புகுந்து தூக்கும், மழையும் உள்ளே போகும். படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இதை வகுப்பறையில் சொல்லாதீர்கள், ஒரு வண்டி மேலே ஏறிக் கட்டச் சொல்லுங்கள்.

ராத்திரி வண்டி:

தேவகோட்டைக்காரன், லாரி டிரைவர். எல்லாரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள், எனக்கு ஒரு கேள்வி. டிரைவருக்கு 'பத்தாம் வகுப்புத் தேர்ச்சி' என்று தகுதி போடப் போகிறீர்களா? லைசென்சுக்கு இருந்த எட்டாம் வகுப்பு நிபந்தனையையே 2019-ல் எடுத்துவிட்டார்கள். எங்களில் நல்ல கைகாரர்கள் நிறையப் பேர் பள்ளிக்கூடத்தை அஞ்சிலே ஆறிலே விட்டவர்கள்தான். படிப்புக்குப் பதிலாக இதை எழுதுங்கள்: வண்டி எடுப்பதற்கு முன்னால் சுற்றி வந்து டயர், லைட், ஏர் லீக் பார்க்கிறானா, பிரேக்குக்கான காற்று மீட்டர் ஏறுகிற வரைக்கும் பொறுக்கிறானா, ஆவணத்தில் எது எந்தத் தேதியில் முடிகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறானா. பெட்ரோல், கேஸ் மாதிரி சரக்கு என்றால் தனிப் பயிற்சி முடித்து லைசென்சில் பதிந்திருக்க வேண்டும், அதைத் தனி வரியாகவே போடுங்கள்.

நம்ம ஊர் டெலிவரிக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். விலாசம் முகப்புத் தெருவுக்கு இருக்கும், சரக்கு இறக்க வேண்டியது பின்கட்டு வாசலில். முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அவ்வளவு பெரிய வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற கஷ்டம் எடுத்தவனுக்குத்தான் தெரியும். கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு "எந்த வாசல்?" என்று கேட்பதும் திறன்தான்.

இன்னொன்று. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, 5 மணி நேரத்துக்கு மேல் போனால் நடுவில் அரை மணி ஓய்வு என்று எழுதினார்கள். எங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஓடக் கொடுத்து வைத்திருக்கிறது? தூக்கம் இல்லாமல் ஓட்டுவதை 'அழுத்தத்தில் பணியாற்றும் திறன்' என்று யாராவது உங்கள் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள். போன இடத்தில் இறக்க ஆள் இல்லாமல் ஒன்றரை நாள் நின்றால் ஹால்ட்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான காசு, யார் தருவது என்று பேசி எழுதி வாங்கத் தெரிய வேண்டும், அதைச் சொல்லிக் கொடுங்கள். ஆபீசில் உட்காருகிற பையனுக்கும் சேர்த்துத்தான்.

காரைக்குடி பயிற்றுநர்:

எல்லோருக்கும் நன்றி, இதில் பாதி நான் யோசித்தே பார்க்காதது. டிரைவர் அண்ணே, படிப்புத் தகுதி போட மாட்டேன், படித்துக் காட்டச் சொல்லிச் சோதிக்கலாம் என்று நினைக்கிறேன், பலகையில் இருப்பதும் எல்.ஆரில் இருப்பதும் படித்தால் போதும். வகுப்புக்கு விசாரித்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். பேக்கிங், ஏற்றுமதிப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

கோட்டையூர் ஆச்சி:

இருக்கேன் தம்பி. வீட்டில் ஆள் வைத்துப் பலகாரம் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன். எனக்கு வேண்டியது அட்டைப்பெட்டியைப் பார்த்தவுடன் செலவு சொல்கிற பெண். விமானத்தில் போகிற பார்சலுக்கு எடை மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதில் வருகிறதும் நிஜ எடையும் எது கூடவோ அதற்குத்தான் காசு. 50-க்கு 40-க்கு 40 பெட்டி என்றால் 16 கிலோ ஆகிவிடும், உள்ளே கைமுறுக்கு 9 கிலோ இருந்தாலும் 16-க்குக் கட்ட வேண்டும். அதே பெட்டியில் கீழே மாவுருண்டையும் அதிரசமும் வைத்து மேலே முறுக்கு வைத்தால் காசுக்கு நிறைவாக இருக்கும், முறுக்கும் நொறுங்காது. பெட்டியைக் குலுக்கிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது. சூடு ஆறாமல் கவரை ஒட்டினால் உள்ளே வேர்த்துப் போய்விடும், தேன்குழல் சவசவ என்று ஆகிவிடும். எண்ணெய் கசிந்து ஸ்டிக்கர் எழுத்து அழிந்தால் அந்தப் பார்சல் எங்கே போகும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

கொரியர் ஆபீஸ் ஒன்றில் என் பெட்டியை அவர்களே ஒரு இஞ்ச் கூட்டி அளந்து காசு வாங்கினார்கள். அதிலிருந்து டேப் என் கையிலேயே இருக்கிறது. அளக்கிறதைச் சொல்லிக் கொடுங்கள் தம்பி, சண்டை தானாக வரும்.

பள்ளத்தூரான்:

தூத்துக்குடியில் சுங்க முகவர் ஆபீசில் இருக்கிறேன். ஆச்சி கணக்கு சரி. கப்பல் பக்கம் நான் சொல்கிறேன்.

ஆத்தங்குடிக் கல்லைப் படுக்க வைத்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறுத்தித்தான் வைக்க வேண்டும், பூ முகத்தோடு பூ முகம் பார்க்க, நடுவில் தாள். நன்றாகக் காயாத கல்லைப் பெட்டியில் வைத்தால் அட்டையின் கறை முகத்தில் இறங்கும், அந்தப் பக்கம் பிரித்துப் பார்க்கிறவர் முழுச் சரக்கையும் வேண்டாம் என்பார். கல் கனம் என்பதால் 20 அடி கன்டெய்னரில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை முடிந்துவிடும். அந்தக் காலி இடத்தில் கல் நகராதபடி முட்டுக் கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். ஏற்றிய கன்டெய்னரின் சரிபார்த்த எடையைக் கொடுக்காமல் 2016 ஜூலையிலிருந்து எதையும் கப்பலில் ஏற்ற முடியாது.

மரப்பெட்டியில் அனுப்பினால் அந்த மரம் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும், சூடேற்றிப் பதப்படுத்துவதென்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம். அதற்கான முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது பத்து வினாடி வேலை, பார்க்காமல் விட்டால் போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் சரக்கு மாட்டிக்கொள்ளும்.

பழைய சாமான் விஷயத்தில்தான் நம் ஊர் ஆட்கள் விவரமாக இருக்க வேண்டும். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி 100 வருஷத்துக்குக் குறையாத சிற்ப வேலை, மரவேலை எல்லாம் தொல்பொருள் கணக்கில் வரும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. செட்டிநாட்டு வீட்டை இடித்து வருகிற கதவு நிலையைப் பேக்கிங் லிஸ்டில் 'மரச்சாமான்' என்று எழுதி அனுப்பச் சொல்கிறவர்கள் உண்டு. தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரிய வேண்டும். இதை எந்தத் தலைப்பில் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் போடுங்கள்.

பெண்களுக்கு எங்கள் பக்கம் நல்ல வழி இருக்கிறது. எச் கார்டு என்ற சுங்க அடையாள அட்டையில் உதவியாளராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி ஜி கார்டு வாங்கினால் சுங்க ஆவணங்களில் கையெழுத்துப் போடலாம்.

காரைக்குடி பயிற்றுநர்:

பழைய பட்டியலை எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு வரியும் இப்படி வருகிறது: "மூன்று ஆவணங்களைக் கொடுத்தால் பொருந்தாததைக் கண்டுபிடித்துச் சொல்வார்." "மூட்டை எடையும் எண்ணிக்கையும் சொன்னால் லோடு எடையை மனக்கணக்காகச் சொல்வார்." "பெட்டியை அளந்து விமானக் கட்டணத்துக்கான எடையைக் கணக்கிடுவார்." ஹால்ட்டிங் பேசி எழுதி வாங்குவதையும் சேர்த்தாயிற்று. செக்காலை சார், உங்கள் பழைய எல்.ஆர். நகல்கள் கொஞ்சம் கிடைக்குமா? பெயர், நம்பர் எல்லாம் அடித்துவிட்டுச் சோதனைத்தாளாக்கிக் கொள்கிறேன்.

செக்காலை பார்சல்:

ஒரு சாக்கு இருக்கு, வந்து எடுத்துக்குங்க. காலையில் வேண்டாம், சென்னை வண்டி இறங்குகிற நேரம். மூன்று மணிக்கு மேல் வாங்க.

ராத்திரி வண்டி:

தார்பாய் கட்டிப் பழக வண்டி வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை என் வண்டி சும்மாதான் நிற்கும். முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன். கயிறு நீங்கள் கொண்டுவாருங்கள்.