மூளைக்கட்டி கதிர்வீச்சு: பிளானை மென்பொருளிடம் எவ்வளவு விடலாம்?

காட்பாடி_பிசிக்ஸ்:
கிளையோபிளாஸ்டோமா என்ற கடுமையான மூளைப் புற்றுக்கட்டிக்கு வழக்கமான அளவு 30 தடவையில் 60 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு). அதற்கு முன் கண், லென்ஸ், மூளைத்தண்டு, காக்லியா (உள்காது), பார்வை நரம்பு எல்லாவற்றுக்கும், கதிர் அதிகம் படாமல் காக்க, படத்தில் கையால் கோடு வரைவதிலேயே மணிக்கணக்கில் போய்விடுகிறது. மென்பொருள் சில நிமிடத்தில் முடிக்கிறது. வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்து வேலூர் லாட்ஜில் காத்திருக்கிற குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் வாடகை. தானியங்கி கோட்டையும் பிளானையும் அப்படியே எடுத்துக்கொண்டு, காமா சோதனையில் 95 சதவீதம் தேறினால் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க ஆரம்பிக்கலாம்.

பாலாறு:
சார், காமா சோதனை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பிளானில் உள்ளதை மெஷின் சரியாகக் கொடுக்கிறதா என்பது. கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கோடு 3 மி.மீ. தள்ளியிருந்தாலும் காமா நன்றாகவே தேறும்.

கயாஸத்தையே (இரண்டு பார்வை நரம்பும் சந்திக்கும் இடம்) பாருங்கள். அதன் உயரமே சில மில்லிமீட்டர். 3 மி.மீ. ஸ்லைஸில் (படத்தின் ஒரு அடுக்கு) ஒன்றிரண்டு படத்தில்தான் வரும். சி.டி.யில் சரியாகத் தெரியாது, எம்.ஆர்.ஐ.யை நம்பித்தான் வரைகிறோம். குடியாத்தம், வாணியம்பாடியிலிருந்து நோயாளி கையில் கொண்டுவரும் குறுந்தகட்டு எம்.ஆர்.ஐ.யில் 5 மி.மீ. ஸ்லைஸ் இருந்தால் எந்த மென்பொருளும் அதைத் தேடிப் பிடிக்காது. 1 மி.மீ. ஸ்லைஸில், கான்ட்ராஸ்ட் மருந்து போட்ட டி1 (ஒருவகை எம்.ஆர்.ஐ. படம்) புதிதாக எடுத்தே ஆகவேண்டும்.

அடுத்தது ஃபியூஷன், அதாவது எம்.ஆர்.ஐ.யை சி.டி.மேல் பொருத்துவது. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் கிடையாது, கழுத்து வேறு வளைவில் இருக்கும். பொருத்தவேண்டிய பகுதியைக் குறிக்கும் பெட்டியைத் தாடை வரை விட்டால் மென்பொருள் தாடையையும் பொருத்தப் பார்த்து மூளையைச் சாய்த்துவிடும். மண்டையோட்டோடு பெட்டியை நிறுத்துங்கள். பிறகு வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் இருக்கும் நீர் அறை) ஓரம், ஃபால்க்ஸ் (மூளையின் இரு பாதிக்கும் நடுவிலுள்ள சவ்வு), கண்விழி மூன்றையும் படத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

காட்பாடி_பிசிக்ஸ்:
ஃபியூஷனை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையால் வரைவதும் ஆளுக்கு ஆள் மாறுகிறதே? ஒரே படத்தில் இரண்டு டாக்டர்கள் வரைந்தால் ஜி.டி.வி. (படத்தில் தெரியும் கட்டி) ஒன்றுபோல் வருவதில்லை. மென்பொருள் எல்லாக் கேஸுக்கும் ஒரே விதியைத்தான் பிடிக்கிறது.

பாலாறு:
தவறும் ஒரே விதியாகத்தான் நடக்கும், அதுதான் என் பயம். ஆபரேஷன் ஆன குழியின் ஓரத்தில் தேங்கிய ரத்தம் கான்ட்ராஸ்ட் இல்லாத டி1-லேயே வெள்ளையாகத் தெரியும். மென்பொருள் அதைக் கட்டி என்று எடுத்து ஜி.டி.வி.யை ஊதிவிடுகிறது. அதன்மேல் 1.5 செ.மீ. சி.டி.வி. (படத்தில் தெரியாத பரவலுக்காக விடும் ஓரம்) வைத்தால் நல்ல மூளை எவ்வளவு உள்ளே வரும் என்று பாருங்கள். கான்ட்ராஸ்டுக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் உடனே புரியும்.

ஆற்காடு_டெக்னாலஜிஸ்ட்:
இருவரும் மாஸ்க்கை மறந்துவிட்டீர்கள். டெக்ஸாமெத்தசோன் (மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு) குறைக்கும்போது முகம் வற்றி மாஸ்க் தொளதொளக்கும். பி.டி.வி.க்கு (தலை சற்று நகர்ந்தாலும் தப்பாதபடி பெரிதாக்கிய இலக்குப் பகுதி) விட்ட 3 மி.மீ. அப்போது போதாது. மெஷினிலேயே எடுக்கும் கோன் பீம் படத்தில் தலை சுழன்று தெரிந்தால் மாஸ்க்கைப் புதிதாகப் போட்டு மறுபடியும் சி.டி. எடுங்கள்.

காட்பாடி_பிசிக்ஸ்:
சரி, பிளானையாவது விடுங்கள். பி.டி.வி. கயாஸத்தின்மேல் ஏறினால் கட்டிக்கான 60 கிரேயையும் கயாஸத்துக்கான 54 கிரே வரம்பையும் மென்பொருளே சமாளிக்கிறது.

பாலாறு:
எதை விட்டுக்கொடுத்தது என்று பார்த்தீர்களா? கயாஸத்தைச் சுற்றி 3 மி.மீ. ஓரம் விட்டு, அந்தத் துண்டை பி.டி.வி.யிலிருந்து தனியாகப் பிரியுங்கள். அங்கே டோஸ் குறையலாம் என்று டாக்டர் சொல்லவேண்டும், மென்பொருள் அல்ல. தானாக விட்டால் அது அந்தக் குறையைக் கட்டியின் நடுவிலேயே வைத்துவிடக்கூடும். டி.வி.எச். வளைவு (எவ்வளவு பகுதிக்கு எவ்வளவு டோஸ் என்று காட்டும் வரைபடம்) அழகாக இருக்கும், குறை எங்கே இருக்கிறது என்று அதில் தெரியாது. ஒவ்வொரு ஸ்லைஸாக இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

காட்பாடி_பிசிக்ஸ்:
கண், லென்ஸ், காக்லியா தானியங்கியாகவே இருக்கட்டும், அதில் நான் மாறமாட்டேன். கயாஸத்தையும் ஜி.டி.வி.யையும் டாக்டர் கையால் திருத்தட்டும்.