லேண்டிங்: 'தரையிறக்கம்' போதுமா?

நண்பர்களே,

குதித்தவர் வந்து இறங்குவதை ஆங்கிலத்தில் 'லேண்டிங்' என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். விமானத்துக்குப் பழகிய சொல்தானே, குதிப்பவருக்கும் 'தரையிறக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குரங்கு கிளையில் இறங்குகிறது, உயரம் தாண்டுபவர் மெத்தையில் இறங்குகிறார். அங்கெல்லாம் தரை எங்கே?

இன்னொரு பரிந்துரையான 'காலூன்றல்' நல்ல சொல், எனக்கும் பிடித்தது. ஆனால் நீளம் தாண்டுபவர் ஓடிவந்து பலகையில் கடைசியாக ஒரு காலை அழுத்தி மேலே எழும்புகிறாரே, அதுவும் காலூன்றல்தான். தாண்டலின் இரண்டு முனைக்கும் ஒரே சொல்லை வைத்தால் பயிற்சிக் குறிப்பு எழுதுபவர் தவித்துப்போவார். அப்புறம், எல்லோரும் காலில் இறங்குவதும் இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி உயரம் தாண்டலில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது முதுகில்தான் இறங்கினார். மெத்தை இருந்ததால் முடிந்தது, மணல் குழியில் அப்படி விழுந்தால் கழுத்து போய்விடும். நியூசிலாந்தின் லியோபெல்மா தவளைகளும் காலில் இறங்குவதில்லை. குதிக்கத் தெரியும், ஆனால் மற்றத் தவளைகளைப் போல முன்கால்களை நீட்டிச் சமாளிக்க வராது, வயிறு அடிபடத்தான் வந்து விழும்.

சரி, எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? கீழே வருவதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். வந்த வேகத்தை உடல் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில்தான் வித்தை இருக்கிறது. முழங்காலையும் இடுப்பையும் மடக்கி இறங்கினால் வேகம் அடங்க எடுக்கும் நேரம் கூடுகிறது, அதனால் மோதும் விசையின் உச்சம் குறைகிறது. விறைத்த காலோடு இறங்கினால் அவ்வளவும் மூட்டில் போய் இடிக்கிறது. முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) பல சமயம் யாரும் வந்து மோதாமலே, இறங்கும் அந்த நொடியில் முழங்கால் உள்பக்கம் சரிந்து கிழிகிறது. தேரைகளைப் பாருங்கள், நிலத்தைத் தொடுவதற்கு முன்பே முன்கால் தசைகளை இறுக்கிக்கொள்கின்றன. மனிதக் காலிலும் அப்படியே. அதாவது தாங்குவது காற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

அதனால் என் பரிந்துரை: தாங்கிறக்கம். தாங்கு + இறக்கம், வினைத்தொகை. தரை, கால் எதுவும் சொல்லுக்குள் இல்லை. 'ஒற்றைக்கால் தாங்கிறக்கம்', 'விறைத்த தாங்கிறக்கம்' என்று முன்னால் அடை சேர்த்தும் சொல்லிப் பார்த்தேன், தடுக்கவில்லை. சொல் நீளம் என்பவர்கள் எழுத்தை எண்ணிப் பாருங்கள், தரையிறக்கமும் ஏழெழுத்துதான். வினையாக வரும்போது வழக்கம்போல 'இறங்கினாள்' போதும், அதைத் தொட வேண்டாம்.

குதித்துக் குதித்துப் போவதைச் சொல்லும் ஆங்கில 'ஹாப்' (hop) என்பதற்கு ஒரே சொல் தேடுவதையும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மும்முறைத் தாண்டலில் (ட்ரிபிள் ஜம்ப்) எழும்பிய காலிலேயே இறங்குவது நொண்டி. கங்காரு இரண்டு காலையும் சேர்த்துப் போவது தத்தல். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டிருக்கிறது என்பதற்காக, நம்மிடம் பிரிந்தே இருக்கும் சொற்களை நாம் ஏன் ஒட்ட வேண்டும்? நான்கு காலும் ஒருசேர எழும்பும் மானுக்குத் துள்ளல் இருக்கிறது. மும்முறைத் தாண்டலின் நடுக்கட்டம், ஒரு காலில் எழும்பி மறுகாலில் இறங்குவது, அதற்குத் 'தாவல்' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். குரங்கின் தாவலோடு குழம்பும் என்றுதான் தயக்கம். இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.