நடைபாதை, சைக்கிள் பாதைக்கு நிதி கோருவது எப்படி?

கேள்வி: சென்னையில் எங்கள் தெருவின் நடைபாதையை மின்பெட்டி அடைத்து நிற்பதால், பள்ளிப் பிள்ளைகள் பேருந்துகளுக்கு இடையே நடந்தும் சைக்கிள் மிதித்தும் செல்கிறார்கள். மனு கொடுத்தால் நிதி இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: ஐயா, மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டாரற்ற போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்குமான வசதிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மீண்டும் மனு கொடுங்கள்.

பதில் 2: 2019-இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துக்குக் கைகொடுத்த ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. ஆகவே வார்டு கவுன்சிலரின் மேம்பாட்டு நிதியைக் கேளுங்கள். பெட்டியை நகர்த்த மின்வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்பதால், அங்கும் இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. இரு மனுக்களிலும் பெட்டியின் புகைப்படத்தை இணைக்கிறேன்.